தப்புப் பாராத காப்பீடும் ஒரு பச்சைக் காரும்

இனி யார் சொல்வதையும் நம்புவதில்லை, சட்டத்தைத் தானே படித்துவிடுவது என்று லுட்விக் பியாசெக்கி முடிவு செய்தார். வயது எழுபத்து மூன்று. அதற்கு முன் அவர் முழுதாகப் படித்த சட்ட ஆவணம் அவருடைய திருமணச் சான்றிதழ் ஒன்றுதான். அதன் பின்விளைவுகளை அதில் யாரும் அச்சடிக்கவில்லை.

மிஷிகன் மாநிலத்தின் கார் காப்பீட்டுச் சட்டம் கொஞ்சம் விநோதமானது. கார் ஓட்டுகிற ஒவ்வொருவரும் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும். இரண்டு கார்கள் மோதிக்கொண்டால் யார்மேல் தப்பு என்று கேட்கக் கூடாது. அவரவர் எலும்புக்கு அவரவர் கம்பெனி மருந்து போடும், ஆயுள் முழுக்க, உச்சவரம்பு இல்லாமல். ஆகவே அதைத் தப்புப் பாராத காப்பீடு என்பார்கள். நாட்டிலேயே தாராளமான காப்பீடு என்று ஒரு சாரார் மெச்சுவார்கள். நாட்டிலேயே அநியாயமான கட்டணம் என்று மறு சாரார் வைவார்கள். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள் என்பது லுட்விக்கின் கருத்து.

நாற்பத்தாறு வருடம் அசையாமல் நின்ற அந்தச் சட்டத்தை அரசாங்கம் திருத்தியது. இனி மருத்துவச் செலவுக்கான பங்கைக் குறைத்துக்கொள்ளலாம். கணவன், மனைவி இருவருமே அறுபத்தைந்து தாண்டி, அரசாங்க மருத்துவ அட்டை வைத்திருந்தால் அந்தப் பங்கு அடியோடு வேண்டாம் என்றே எழுதிக் கொடுக்கலாம். அன்றாடம் ஓட்டுகிற காரின் கட்டணம் நன்றாக இறங்கும்.

இறங்கினால், அந்த மிச்சத்தில் பின்சந்துக் கொட்டகையில் தூங்கும் பச்சை டார்ட் கார் எழுந்திருக்கும். லுட்விக்குக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்த டார்ட்டுக்குப் பல வருடமாக நெருப்புக்கும் திருட்டுக்கும் மட்டுமே காப்பீடு. சாலையில் ஒரு கஜம் உருட்டினாலும் சட்டவிரோதம். மாதத்தின் முதல் ஞாயிறு போர்வையை விலக்குவார், துடைப்பார், உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்புவார். ஒரே திருப்பில் இன்ஜின் உறுமும். ஒரு நிமிடம் கேட்பார். அணைத்துவிட்டுப் போர்வையை மூடுவார். இன்னும் ஒரே ஒரு கோடையாவது, கண்ணாடியை இறக்கிவிட்டு, பெல் ஐல் தீவைச் சுற்றி அதை ஓட்டிவிட வேண்டும். முழங்கால் வேறு வருடத்துக்கு வருடம் எச்சரித்துக்கொண்டிருந்தது.

"ஸ்டெஃபா, நம்ம ரெண்டு பேருக்கும் மருத்துவ அட்டை இருக்கு. அப்புறம் எதுக்குக் கார் காப்பீட்டுலயும் மருத்துவத்துக்குக் கட்டணும்?"

ஸ்டெஃபா முட்டைக்கோசு இலைக்குள் இறைச்சியை வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யார் சொன்னா?"

"சட்டம். நானே படிச்சேன்."

"எத்தனை பக்கம்?"

"ஏழு."

"மொத்தம்?"

"அது வேற விஷயம்."

"எடெக்குக்கு வாசல்ல சாய்தளம் கட்டிக் குடுத்தது யாரு? உன் அட்டையா?"

எடெக் அவளுடைய தம்பி. எண்பத்தொன்று பிப்ரவரியில் பனிக்கட்டியில் கார் வழுக்கி, இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. அக்கா வீட்டு முன்னறையில் இருபத்தைந்து வருடம் இருந்தான். தினமும் காலையில் ஒரு நர்ஸ் வந்தாள். சக்கர நாற்காலி தேய்ந்தால் புதிது வந்தது. யார்மேல் தப்பு என்று ஒரு கடிதம்கூட வரவில்லை. ஞாயிறு மத்தியானங்களில் லுட்விக்கும் அவனும் சீட்டாடுவார்கள். எடெக் ஏமாற்றுவான், லுட்விக் கண்டுகொள்ள மாட்டார். அவன் போய்ப் பதினாறு வருடமாகிறது. அந்தச் சாய்தளத்தில் இப்போது மளிகை வண்டி ஏறுகிறது.

"அது சரி," என்றார் கடைசியில். "ஆனா பச்சைக் கார்..."

"அதை வித்துடு. கொட்டகையில இடமாவது கிடைக்கும்."

"உங்க அப்பா கார், ஸ்டெஃபா!"

"அப்பாவே போயாச்சு. கார் எதுக்கு?"

அந்தக் காரைப் பற்றி இப்படிப் பேசுகிற பெண்ணைத்தானா கட்டிக்கொண்டோம் என்று லுட்விக் அன்று முழுவதும் மாய்ந்துபோனார். அந்தக் கார் இல்லாவிட்டால் கல்யாணமே கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று, அக்டோபர் மூன்றாம் தேதி. அவர்கள் ஊரான ஹாம்ட்ராமிக்கில் ஜோசப் கம்போ தெருவும் கேனிஃப் தெருவும் சந்திக்கிற இடம். டாட்ஜ் மெயின் கார் ஆலையில் ஷிஃப்ட் முடிந்து லுட்விக் தன் காரில் வந்துகொண்டிருந்தார். வயது இருபத்து நாலு. தலை நிறைய முடி. முன்னால் போன பச்சை டார்ட் திடீரென்று நின்றது. அவர் நிற்கவில்லை.

டார்ட்டிலிருந்து ஒரு மெலிந்த பெண் இறங்கினாள்.

"விளக்கு பச்சையா இருக்கும்போது எவனாவது பிரேக் போடுவானா?" என்று கத்தினார் லுட்விக்.

"மஞ்சள். அதோட, நான் எவனாவது இல்ல."

"கடையில தொப்பியைப் பார்த்துட்டு நிறுத்தினே. தப்பு உன்மேலதான்!"

"ஒண்ணாந்தேதியிலேர்ந்து இந்த மாநிலத்துல யார்மேலயும் தப்பு இல்ல. அவங்கவங்க வண்டியை அவங்கவங்க சரி பண்ணிக்கணும்."

"அப்படின்னு யார் சொன்னது?"

"சுற்றறிக்கை. நாற்பது காப்பி நான்தான் டைப் அடிச்சேன்."

ஸ்டெஃபா அப்போது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். புதுச் சட்டம் அமலுக்கு வந்து மூன்றே நாள் ஆகியிருந்தது. மாநிலத்திலேயே அதை மனப்பாடமாக வைத்திருந்த ஒரே ஆளின் பின்பக்கத்தில் போய் அவர் இடித்திருந்தார்.

லுட்விக் விடவில்லை. அடுத்த ஞாயிறு அவளுடைய அப்பாவிடம் நியாயம் கேட்கப் போனார், கழன்று விழுந்த தன் பம்பரைச் சாட்சியாகத் தோளில் சுமந்துகொண்டு. அவளுடைய அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பம்பரோடு வந்திருந்தாலும் பையன் எதற்கு வந்திருக்கிறான் என்று அவருக்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. போலந்தின் பழைய வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கேட்டு வந்தவனைப் பிடிக்கவில்லை என்றால் வாயால் சொல்ல மாட்டார்கள். வாத்து ரத்தத்தில் வைத்த கறுப்பு சூப்பைக் கிண்ணம் நிறைய ஊற்றி முன்னால் வைப்பார்கள். வந்தவன் கிண்ணத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

லுட்விக் டெட்ராய்ட்டில் பிறந்தவர். தன் முன்னால் வந்த கிண்ணம் அவருக்கு வெறும் சூப். வழித்துக் குடித்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டார். அடுத்த ஞாயிறும் வந்தார், இரண்டு கிண்ணம். அதற்கடுத்த ஞாயிறு மூன்று. நான்காவது ஞாயிறு வாத்து தீர்ந்துபோய், குடும்பம் சம்மதித்துவிட்டது.

டார்ட்டின் அடிபட்ட பின்பக்கத்தை அவரே பின்சந்தில் வைத்துத் தட்டி நிமிர்த்தினார். ஆலையில் அந்த மாடலுக்குக் கதவு பொருத்துகிற வரிசையில்தான் அவர் நின்றிருந்தார். இந்தக் கதவைக்கூடத் தன் கையே பொருத்தியிருக்கும் என்று நம்பினார். இல்லை என்று நிரூபிக்க யாராலும் முடியாது. ஏனென்றால் எண்பதில் ஆலையை மூடி, பிறகு இடித்தும்விட்டார்கள். எழுபத்து நாலு கோடை முழுவதும் அந்தக் காரில் ஸ்டெஃபாவைத் தீவுக்கு அழைத்துப் போனார். ஆற்றுக்கு அக்கரையில் கனடா. ரேடியோவில் பேஸ்பால். மடியில் செர்ரிப் பழம். வேகம் மணிக்குப் பதினைந்து மைல். பின்னால் வருகிற கார்கள் ஹாரன் அடிக்கும். அடித்துக்கொள்ளட்டும்.

கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்குள்ளும் அதே சட்டம் வந்தது. கோப்பை உடைந்தால் யார் கையிலிருந்து விழுந்தது என்ற விசாரணை கிடையாது. லுட்விக் பெருக்கிவிடுவார். சண்டை வந்தால் யார் தொடங்கியது என்ற பேச்சு கிடையாது. லுட்விக் மன்னிப்புக் கேட்டுவிடுவார். நாற்பத்தெட்டு வருடம் இந்த ஏற்பாடு ஒரு வழக்குமில்லாமல் நடந்துவந்தது. மஞ்சளா பச்சையா என்பது மட்டும் தீராமலே நின்றது.

இப்போது அவர் திட்டம் போட்டார். படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியது பாலிசிக்காரரான அவர்தான். மனைவி கையெழுத்துத் தேவையில்லை. அவளுடைய மருத்துவ அட்டையைக் காட்டினால் போதும். அட்டை எங்கே இருக்கிறது என்றும் அவருக்குத் தெரியும். ஈஸ்டர் முட்டைக்குத் தீட்டுகிற சாயப் பெட்டியில், நீலச் சாயத்துக்கு அடியில்.

நாளும் தானாக அமைந்தது. தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய். அன்று ஹாம்ட்ராமிக்கில் யாரும் வேறு வேலை பார்ப்பதில்லை. ஜாம் அடைத்து எண்ணெயில் பொரித்த பொன்ச்கிக்காக விடியும் முன்பே பேக்கரி வாசலில் வரிசை கட்டி நிற்பார்கள். நாற்பது நாள் வாயைக் கட்டப்போகிறவர்கள் ஒரு நாளில் ஈடுகட்டுவார்கள். ஸ்டெஃபா காலையிலேயே கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டாள்.

"பதினொரு மணி ஆகும்," என்றாள். "ரோஸ்ஹிப் ஜாம் வெச்சது வேணுமா, ப்ளம்மா?"

"உனக்கு எது இஷ்டமோ," என்றார் லுட்விக். இவ்வளவு பணிவு அவளுக்குச் சந்தேகம் தரவேண்டாமே என்று, "ஆனா ப்ளம்," என்று சேர்த்துக்கொண்டார்.

கதவு சாத்தியதும் சாயப் பெட்டியைத் திறந்தார். அட்டை இருந்தது. எடெக்கின் சீட்டுக்கட்டும் கூடவே இருந்தது. அதை அவர் பார்க்காத மாதிரி மூடினார்.

காப்பீட்டு முகவர் ரெஹானாவின் அலுவலகம் இரண்டு தெரு தள்ளி, வங்காளக் கடைகளுக்கு நடுவில். ரெஹானா எதிர்வீட்டில் வளர்ந்த பெண். பெற்றோர் வங்கதேசத்துச் சில்ஹெட்டிலிருந்து வந்தவர்கள். எடெக்கின் சாய்தளத்தில் சைக்கிள் ஓட்டப் பழகியவள்.

"வாங்க அங்கிள். பொன்ச்கி சாப்பிடறீங்களா?" மேசையில் ஒரு பெட்டி திறந்திருந்தது.

"அப்புறம். இந்தா, மருத்துவப் பங்கு வேணாம்னு எழுதிக் குடுக்கற படிவம். சட்டம் எனக்கே தெரியும், விளக்க வேணாம். இது என் அட்டை. இது ஸ்டெஃபாவோடது."

ரெஹானா இரண்டாவது அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அங்கிள், இது பழைய அட்டை. மூணு நாலு வருஷம் முன்னாடியே எல்லாருக்கும் மாத்திட்டாங்க. இதை வெச்சு நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"பழசானா என்ன? ஆளும் பழசுதானே?"

"ஆண்ட்டிகிட்ட அதைச் சொல்லட்டுமா?"

"வேணாம்."

"ஆண்ட்டி சொல்லிட்டுத்தான் போனாங்க. 'புதுசு என் பர்ஸ்ல இருக்கு. பழசைச் சாயப் பெட்டியில போட்டு வெச்சிருக்கேன். அவர் அதைத்தான் எடுத்துட்டு வருவாரு'ன்னு."

"எப்ப சொன்னா?"

"இப்பத்தான். பெட்டி இன்னும் சூடா இருக்கு பாருங்க."

லுட்விக் நாற்காலியில் சரிந்தார். தோற்றவர்களுக்கு வரும் கசந்த பெருந்தன்மை அவருக்கும் வந்தது.

"சரி. நடக்கட்டும். மருத்துவம் இருக்கட்டும். அந்தப் பச்சைக் கார் கொட்டகையிலேயே தூங்கிச் சாகட்டும்."

"எந்தக் கார் தூங்குது?"

"டார்ட்தான்."

ரெஹானா திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"அங்கிள்... அது ரெண்டு வருஷமா முழுக் காப்பீட்டுல இருக்கே. ஆண்ட்டி பேர்ல தனிப் பாலிசி. கார் அவங்க பேர்லதானே இருக்கு?"

"இருந்தா? அது ஓடறதில்லையே!"

"வியாழக்கிழமை ஆனா எங்க வாசல்ல ஹாரன் அடிச்சு எங்கம்மாவையும் ஏத்திக்கிட்டுத் தீவுக்குப் போவாங்க. பனிக்கு உப்பு போட்ட ரோட்டுல மட்டும் எடுக்கமாட்டாங்க. இன்னைக்குக் காஞ்ச ரோடு, அதான் பேக்கரிக்கும் அதுலதான் வந்தாங்க."

வியாழன் லுட்விக் ஓய்வுபெற்ற தொழிலாளர் குழுவோடு பௌலிங் கூடத்துக்குப் பந்து உருட்டப் போகிற நாள். அங்கேதான், இரண்டு வருடமாக, ஒவ்வொரு வியாழனும், அவர் பெருமையடித்துக்கொண்டிருந்தார்: "நின்ன வண்டி. மாசம் ஒரு தடவைதான் சாவி போடறேன். ஒரே திருப்புல எழுந்திருக்கு! அந்தக் காலத்துச் சரக்குடா, அந்தக் காலத்து வேலைக்காரன் கை!" கிழவர்கள் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒருவர் கண் கலங்கியது கூட உண்டு.

பொன்ச்கியைத் தொடாமல் வெளியே வந்தார். கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு ஏதோ. தீவும் ஆறும் செர்ரியும், எல்லாம் போய்விட்டது என்று அவர் இத்தனை நாள் துக்கம் காத்திருக்க, அவை வியாழக்கிழமைதோறும் இரண்டு தெரு தள்ளி ஹாரன் அடித்துக்கொண்டு போயிருக்கின்றன. இதில் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவது? ரெஹானாவின் அம்மாவையா?

பாதித் தெருவில் சட்டென்று நின்றார். காருக்குக் காப்பீடு இருக்கிறது! அப்படியென்றால் ஓட்டலாம். இன்றைக்கே. முழங்காலை மறந்து நடந்தார்.

கொட்டகைக்குள் போர்வை நேர்த்தியாக மூடியிருந்தது. அதற்கடியில் கையை விட்டு இன்ஜின் மூடியைத் தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது, உயிருள்ள பிராணி மாதிரி.

"பார்த்துட்டியா?" என்றது சந்துப் பக்கக் குரல். ஸ்டெஃபா ஒரு பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எத்தனை வியாழக்கிழமை?"

"கணக்கு வெச்சுக்கல."

"நான் இல்லாம தீவுக்கு."

"நீதான் பந்து உருட்டப் போயிடறியே."

"வித்துடுன்னு சொன்னே!"

"சொன்னா நீ விக்கமாட்டேன்னு தெரியும். வேற யாராவது சொல்லியிருந்தா வித்திருப்பே."

லுட்விக் இதை யோசித்தார். அதில் ஓட்டை தெரியவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல, ஸ்டெஃபா?"

அவள் பெட்டியைக் கார் மேலே வைத்தாள். "சொன்னா நீதானே ஓட்டுவே? எழுபத்து நாலுலேர்ந்து நான் பக்கத்து சீட்டு. ஆறு எந்தப் பக்கம் திரும்பும்னு நீ முடிவு பண்ணுவே, எங்க நிக்கணும்னு நீ முடிவு பண்ணுவே. எங்க அப்பா எனக்கு ஓட்டக் கத்துக்குடுத்த கார் இது. எனக்கும் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு ஆத்தைப் பார்க்கணும்னு இருக்காதா?"

நாற்பத்தெட்டு வருடத்தில் அவருக்கு இது ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. தோன்றாதது யார் தப்பு என்று கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை என்பது நல்லதாகப் போயிற்று.

"சரி," என்றார் மெல்ல. "போனது போகட்டும். இன்னைக்கு ஒருநாள் நான் ஓட்டறேன். காப்பீடுதான் இருக்கே. சாவியைக் குடு."

சாவிக்குப் பதிலாக அவள் பர்ஸிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். காப்பீட்டுச் சான்றிதழ்.

"நீதான் இப்ப சட்டம் படிக்கறியே. படி."

லுட்விக் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மேலே ஸ்டெஃபாவின் பெயர். காரின் பெயர். மருத்துவப் பங்கு: வரம்பற்றது. கீழே, தடித்த எழுத்தில்: "எச்சரிக்கை. விலக்கப்பட்ட நபர் இந்த வாகனத்தை ஓட்டினால் காப்பீடு செல்லாது. எவருக்கும் பாதுகாப்பு இல்லை." அதற்கும் கீழே: "விலக்கப்பட்ட நபர்: லுட்விக் பியாசெக்கி."

இரண்டு தடவை படித்தார். எழுத்துப்பிழைகூட இல்லை.

"என்னையா? உலகத்துல வேற யாரும் கிடைக்கலையா?"

"வேற யாரு வேணாலும் ஓட்டலாம். ரெஹானா அம்மாகூட ஓட்டலாம், அவங்களுக்கு லைசென்ஸ் வந்ததும். உன் பேரைச் சேர்த்துக் கேட்டப்போ ரெஹானாவோட கம்ப்யூட்டரே கொஞ்ச நேரம் மூச்சு விடல. நீ இடிச்ச பந்துக் கூடத்துத் தூண். தபால் பெட்டி. பாதிரியார் வீட்டு வேலி..."

"அந்த வேலி முன்னாடியே சாய்ஞ்சு இருந்துச்சு!"

"உன்னை எடுத்ததும் கட்டணம் பாதியா இறங்கிடுச்சு. எடெக்குக்குக் கிடைச்ச மாதிரி முழு மருத்துவமும் வெச்சுக்க முடிஞ்சுது. நீ இல்லாத கார் ரொம்ப மலிவு, லுட்விக்."

"இதுக்குச் சட்டத்துல இடமே கிடையாது. நான் படிச்சிருக்கேன்."

"எட்டாவது பக்கம்."

அவள் போர்வையைச் சுருட்டினாள். அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார், பழக்கம். கார் வெயிலுக்கு வந்ததும் பச்சை பளபளத்தது. லுட்விக் ஒரு நொடி ஸ்டியரிங் இருக்கிற இடதுபக்கக் கதவருகே நின்றார், கைப்பிடியைத் தடவினார், சுற்றிக்கொண்டு வலதுபக்கம் போய் உட்கார்ந்தார். அந்தப் பக்கத்திலிருந்து அந்தக் காரை அவர் பார்த்ததே இல்லை. கண்ணாடியை இறக்கினார். மார்ச் மாதக் குளிர் முகத்தில் அறைந்தது. ஏற்றச் சொல்லிவிடுவாளோ என்று பார்த்தார். அவளும் தன் பக்கக் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள்.

பாலம் தாண்டியதும் ஆறு வந்தது. பனிப்பாளங்கள் மெதுவாக மிதந்து போயின. அக்கரையில் கனடா அப்படியேதான் இருந்தது. ஸ்டெஃபா ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கன்னம் சிவக்க, இருபத்தொரு வயதுப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தாள். இந்த முகத்தை எழுபத்து நாலில் சாலையைப் பார்த்தபடி எவ்வளவு தவறவிட்டிருக்கிறோம் என்று லுட்விக் நினைத்தார். அதை அவளிடம் சொல்லவும் வாயெடுத்தார்.

அப்போது திருப்பத்தில் ஒரு வாத்துக் கூட்டம் சாலையைக் கடந்தது. லுட்விக்கின் வலது கால் தானாக நீண்டு தரையை ஓங்கி மிதித்தது. மறுபடி மிதித்தது. ஸ்டெஃபா நிதானமாக வேகத்தைக் குறைத்து, கடைசி வாத்தும் புல்லில் இறங்கும்வரை காத்திருந்துவிட்டு, அவர் பாதத்தைக் குனிந்து பார்த்தாள்.

"அந்தப் பக்கம் எதை மிதிச்சாலும் வண்டி நிக்காது, லுட்விக். நானும் எத்தனையோ வருஷம் மிதிச்சுப் பார்த்தாச்சு."